மரியாதை தெரியாத மூக்கு

நான் ‘இல்லை’ என்று ஒருமுறை சொன்னால் அதை மறுபடி கேட்கும் வழக்கம் எங்கள் பகுதியில் கிடையாது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துப் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு அருகே நிட்டிங் ஆலை ஒன்றை நெடுங்காலம் நடத்தி, பின்னர் மகனிடம் ஒப்படைத்தேன். எங்கள் அம்மன் கோயிலின் அறங்காவலர்களில் ஒருவனாக இன்றும் இருக்கிறேன். பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வந்தால் இரு தரப்பாரும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு கால்நடை மருத்துவர், வெளியார் காதுபட, என்னிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் நான் அறிந்த உண்மையைத்தான் சொன்னேன். மூன்று முறையும் அவர் என்னை நம்பவில்லை. அது எத்தகைய நிகழ்ச்சி என்பது விளங்க வேண்டுமானால் அதற்கு முன் நடந்தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தம்மைப் பற்றி யாரும் எதுவும் எழுதுவதை விரும்பக்கூடியவர் அல்லர். தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த கிறித்தவப் பெண்மணி, ஐம்பதைக் கடந்தவர், குள்ளம், நரைத்த தலைமுடியை இறுக்கிப் பின்னி, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். கணவர் இங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்கு வந்ததால் அவரும் வந்தார். பவர்டேபிள் தையல் கூடம் ஒன்றுக்கும் பட்டன் கடை ஒன்றுக்கும் நடுவில் அவருடைய சிகிச்சையகம் இருந்தது. ஒரு பக்கம் நாள் முழுவதும் தையல் இயந்திரங்களின் இரைச்சல், மறுபக்கம் சரக்கு ஏற்றுவோரின் சத்தம். அதற்கிடையில் அவர் வைத்திருந்த அறை மட்டும் சுத்தமாக, எந்த வாசனையும் இல்லாமல் இருக்கும்.

எந்த வாசனையும் இல்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பவுடர் பூசமாட்டார். மணமில்லாத சோப்புத்தான் பயன்படுத்துவார். ஊதுவத்தி கூடாது. தலையில் மல்லிகைச் சரம் வைத்து வரும் பெண்களை, “பூவு வாசல் பக்கம் இருக்கட்டும்மா, நாய் மட்டும் உள்ள வரட்டும்,” என்று நிறுத்திவிடுவார். இதற்காகவே சிலர் அவர்மீது மனத்தாங்கல் கொண்டார்கள். “பூ வெச்சவளப் பாத்தா அந்தம்மாளுக்கு ஆகாதாட்ட இருக்குது,” என்று என் மனைவியிடம் பக்கத்து வீட்டுப் பெண் குறைப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். ஆகாதது பூ வைத்தவளன்று, பூவின் மணம். ஏனெனில் அவர் நோயை மூக்கால் பார்ப்பவர்.

விலங்கை மேசையில் ஏற்றியதும், காய்ச்சல் கோலை எடுப்பதற்கு முன்பே, குனிந்து அதன் வாயை மோந்து பார்ப்பார். பிறகு காது, பிறகு பாதம், பிறகு வால் பக்கம். முகத்தில் சுளிப்பே வராது. கொண்டுவந்தவர்கள் சொல்லும் கதையை அதற்குப் பின்னர்தான் கேட்பார்; கேட்ட பின்னும் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வார். நம் ஊரில் ‘இல்லை’ என்பதைக்கூட ‘இல்லீங்க’ என்று குழைத்துச் சொல்வோம். அவர் அந்தக் குழைவில் மயங்கமாட்டார். யாரேனும் முகம் சுண்டினால், “என் மூக்குக்கு மரியாதை தெரியாது, மன்னிச்சுக்கிடுங்க,” என்பார். இந்த வாக்கியத்தை அவர் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒருநாள், எங்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட நான் காத்திருந்தபோது, பனியன் நிறுவனம் ஒன்றின் செக்கிங் பிரிவுப் பெண்கள் சிலர், எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டிருந்த பூனை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள்.

“மேடம், பக்கத்துக் கம்பெனிக்காரன் எலி மருந்து வெச்சுப்போட்டானுங்க மேடம். வாயிலேயே வருது, அவன நல்லா வைஞ்சுபோட்டுத்தான் வந்தோம்,” என்றாள் முன்னால் நின்றவள்.

மருத்துவர் பூனையின் வாயை மோந்தார். பிறகு முதுகு ரோமத்தை மோந்தார். மறுபடியும் முதுகு.

“கறை எடுக்கிற கன் ஒங்க செக்கிங்குலதான இருக்கு?”

தைத்து முடித்த ஆடையில் எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் ஒரு திரவத்தைக் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் பீய்ச்சிக் கறையை எடுப்பார்கள். எங்கள் ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை.

“ஆமாங்க மேடம்.”

“பூனை எங்க படுக்கும்?”

“பீஸு மேலதானுங்க படுக்கும். வேற எங்க படுக்கும், மெத்துமெத்துன்னு இருக்குமில்லீங்க.”

“அந்த மருந்து காயறதுக்குள்ள அதுமேல படுத்திருக்கு. அப்புறம் ஒடம்ப நக்கியிருக்கு. எலி மருந்து இல்ல.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்பறம் அந்தாள நாங்க அத்தன பேச்சுப் பேசுனது?” என்றாள் ஒருத்தி.

“அதுக்கு ஊசி எங்கிட்ட கெடையாது. போயி மன்னிப்புக் கேளுங்க. பூனைய நான் பாத்துக்கிடுதேன்.”

பூனை பிழைத்தது. மன்னிப்புக் கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது.

அவர் எப்போதும் சரியாகவே சொன்னார் என்று எழுதினால் அது உண்மையாகாது. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி காலில் காயம்பட்ட வெள்ளாட்டை ஆட்டோவில் கொண்டுவந்தார். காயத்தை மோந்த மருத்துவர் நிமிர்ந்த வேகத்தில் அவரை ஏசத் தொடங்கினார். “மண்ணெண்ணெய் ஊத்துனியளா? புண்ணுல மண்ணெண்ணெய் ஊத்துனா அது கருகிப்போகும்னு தெரியாதா?” அந்த மனிதர், “இல்லீங்கம்மா, வேப்பெண்ணெயும் மஞ்சளுந்தானுங்க வெச்சேன்,” என்று எத்தனையோ தடவை சொன்னார். எடுபடவில்லை. ஆட்டோக்காரர்தான் பிறகு உள்ளே வந்து, வழியில் இரத்தம் கசிந்தபோது மண்ணெண்ணெயில் நனைத்து எஞ்சின் துடைக்கும் துணியால் தாம்தான் துடைத்துவிட்டதாகச் சொன்னார். மருத்துவர் உடனே கையுறையைக் கழற்றினார். தெருவுக்கு வந்து, அங்கே நின்ற விவசாயியிடம், “மண்ணெண்ணெய் இருந்தது நெசம். ஊத்துனது நீங்க இல்ல. நான் ஏசுனது தப்பு,” என்றார். பட்டன் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். விவசாயி கூச்சத்தோடு, “அதுக்கென்னங்கம்மா. நீங்க வைஞ்சா ஆடு பொழச்சுக்கும்னு ஊர்ல சொன்னாங்க, அதான் பேசாம நின்னுட்டனுங்க,” என்றார்.

இனி எங்கள் வீட்டு நாய்க்கு வருகிறேன்.

செவலை சாதாரண நாட்டுப் பெட்டை நாய். ஆலை வளாகத்தில் குட்டியாகத் திரிந்ததை என் மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகன் குடும்பத்தோடு ஆலைப் பக்கம் குடிபோன பிறகு, வீட்டில் அவள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அதனிடம்தான். நான் அதிகம் பேசுபவன் அல்லன். எனவே அந்த நாய் நோயுற்றபோது அவளுக்கு எது போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

சில நாட்களாகச் செவலை தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது, சோற்றைத் தொடவில்லை. சிகிச்சையகத்துக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் வழக்கம்போல மோந்தார். வால் பக்கம் வந்ததும் நின்றார்.

“கருப்பையில சீழ் வச்சிருக்கு. பையோட எடுத்திரணும். விட்டா உள்ளேயே வெடிச்சிரும். நாளைக்குக் காலைல செஞ்சிரலாம்.”

என் மனைவி, “அம்மன்கிட்டப் பூக்கேட்டுட்டுச் சொல்றனுங்க,” என்றாள்.

பூக்கேட்பது எங்கள் பகுதியில் பெரிய காரியம் எதற்கும் உள்ள வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் முன் வைப்போம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது என்று பொருள். திருமணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். நாயின் அறுவைக்குக் கேட்டதை நானும் அதற்கு முன் அறிந்ததில்லை. மருத்துவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“கேளுங்கம்மா. ஆனா விடிஞ்சதும் கேட்டிருங்க, ரொம்ப நேரம் தள்ள முடியாது. இன்னைக்கு ராத்திரிக்கு மேல ஒண்ணும் கொடுக்கக் கூடாது. காலைல தண்ணியும் வேண்டாம். மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்கொழாய்க்குள்ள போயிரும். அறுவைல சாகாத நாய் அதுல செத்துரும். வெளங்குதா?”

விளங்கியது என்று நான் சொன்னேன். பொறுப்பை நானே ஏற்றேன். செவலையின் தட்டை எடுத்து உயரத்தில் வைத்தேன். வீட்டுக் காவலாளியிடமும், பக்கத்தில் தங்கியிருந்து அவ்வப்போது அதற்கு ரொட்டி போடும் பீகார் தொழிலாளிகளிடமும் நேரில் சொன்னேன். “நஹி தேகா சாப்,” கொடுக்கமாட்டோம் என்று அவர்கள் உறுதி கூறினார்கள். கூறியபடியே நடந்தார்கள்.

மறுநாள் காலை செவலையையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ வந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூசாரியிடம் திருப்பணி பற்றி நான் சிறிது பேச வேண்டியிருந்தது. அவள் தூக்குப்போசிப் பாத்திரத்தோடு முன்னால் சென்று காரில் நாயுடன் அமர்ந்துகொண்டாள். பிறகு நேரே சிகிச்சையகம் வந்தோம்.

செவலையை முந்திய நாளே மோந்திருந்ததால், மருத்துவர் நேரே எடை பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். முன்னங்காலில் கொஞ்சம் ரோமத்தை மழித்து, நரம்பில் ஊசிக்குழாயைச் செருகிப் பிளாஸ்திரி ஒட்டினார். சொட்டு மருந்து ஏறத் தொடங்கியது. மேசையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மழிக்கும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்தார். தலைமாட்டில் என் மனைவி நின்றாள். கதவு திறந்திருந்தது. வெளியே பொமரேனியன் நாய்க்குட்டியோடு நூல் வியாபாரி ஒருவர் காத்திருந்தார். எனக்கு நன்கு அறிமுகமானவர்.

“ராத்திரிக்கு மேல ஏதாவது கொடுத்தியளா சார்?”

“இல்லீங்க.”

கருவி ஓடத் தொடங்கியது. செந்நிற ரோமம் கற்றையாக விழுந்தது.

“காலைல பாலு, டீ, பிஸ்கட்டு?”

“ஒண்ணுங் கொடுக்கலீங்க. நானே முன்ன நின்னு பாத்துக்கிட்டனுங்க.”

வயிறு பாதி மழிந்துவிட்டது. அவர் கை நிற்கவில்லை.

“வாட்ச்மேன், வேலையாளுக யாரும்?”

“டாக்டரம்மா, நான் இல்லைன்னு சொன்னா இல்லதானுங்க.”

கருவியை நிறுத்தினார்.

“ஒங்களுக்கு மரியாதை உண்டு சார். என் மூக்குக்குத்தான் மரியாதை தெரியாது,” என்று சொல்லிக்கொண்டே செவலையின் உதட்டைத் தூக்கி, பல்லருகே மூக்கை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பாராமல் என் மனைவியைப் பார்த்தார்.

“பச்சைக் கற்பூரம்.”

வெளியிலிருந்து நூல் வியாபாரி சிரித்தார். “ஏனுங்கண்ணா, நாய்க்குத் தீர்த்தங் குடுத்துக் கூட்டியாந்தீங்களாக்கும்?”

என் மனைவி திகைத்துப் போனாள். “ஏனுங்க, அது சாப்பாடு இல்லீங்களே. பிரசாதமுங்க. அதுக்காகத்தான பூக்கேட்டது, அதுக்குக் குடுக்காம எப்படிங்க வாறது? கோயல் பொங்கலு, ரண்டே வாயிங்க.”

அவளை நான் குற்றம் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை. விரத நாளில் நாள் முழுவதும் பட்டினி கிடப்பவர்கள் எங்கள் வீட்டில் பிரசாதத்தை மறுப்பதில்லை. அதனால் விரதம் முறிந்ததாக யாரும் எண்ணுவதும் இல்லை. சாப்பாடு ஒரு கணக்கு, பிரசாதம் வேறு கணக்கு. யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவருக்குக் கொடுக்காமல் கோயிலை விட்டுக் கிளம்புவதுதான் பிழை. சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றார்கள், அவள் கொடுக்கவில்லை. அவளிடம் கேட்டிருந்தாலும் இல்லை என்றே சொல்லியிருப்பாள். அது பொய்யாக இருந்திருக்காது.

மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. “என்ன பிரசாதம், சக்கரைப் பொங்கலா?”

“ஆமாங்க.”

“திராட்சை கெடந்துச்சா? நாய்க்கு அது ஆகாது, அதான் கேக்கேன்.”

“கெடந்துச்சுங்க. அத துப்பிப்போடுச்சுங்க. முந்திரியத்தான் பொறுக்கித் தின்னுச்சு.”

“நல்ல புத்திசாலி. மிச்சம் இருக்கா?”

என் மனைவி தூக்குப்போசியை நீட்டினாள். மருத்துவர் மூடியைத் திறந்து மோந்து, உள்ளே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறைந்திருந்தது.

“இப்ப மயக்கம் கொடுக்க மாட்டேன். வயிறு காலியாகட்டும். மத்தியானத்துக்கு மேல பாக்கலாம்.”

“வாந்தி எடுக்க மருந்து குடுத்தரலாமில்லீங்க?” என்று நான் கேட்டேன்.

“முக்கி முக்கி வாந்தி எடுத்தா சீழ் நெறஞ்ச பை கிழிஞ்சிரும் சார். காத்திருந்தாலும் பயந்தான். அது சின்னப் பயம்.”

“அம்மன் உத்தரவு குடுத்துட்டாளேங்க,” என்றாள் என் மனைவி. அழத் தொடங்கியிருந்தாள். “இன்னும் எதுக்குங்க காக்கோணும்?”

“உத்தரவு கொடுத்தவ நேரம் சொல்லலியேம்மா. நேரத்த நான் சொல்லுதேன்.”

கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. கார் வாசலில் நிற்கிறது. என் சொல்லை வெளியார் முன் நம்பாத ஒருவரிடம் நாயை விட்டு வைக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. நூல் வியாபாரி அதையே என் காதில் சொன்னார்: “கூட்டிட்டுப் போயிருங்கண்ணா, ஒங்களையே நம்பாதவிய நாயிக்கு என்னத்தப் பாப்பாங்க?” நான் சற்று யோசித்தேன். செவலையின் வாயில் கற்பூரம் இருந்ததை அந்த அறையில் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான். கோயம்புத்தூரில் என் சொல்லை உடனே நம்பிவிடுவார்கள்; நம்பி உடனே மயக்க மருந்தும் கொடுத்துவிடுவார்கள்.

“இங்கியே இருக்கட்டும்,” என்றேன்.

அன்று முழுவதும் அந்தப் பெண்மணி வேறு நோயாளிகளையும் பார்த்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் கை கழுவிவிட்டு வந்து செவலையின் பக்கத்தில் தரையில் அமர்வார். தொடையின் உட்புறம் விரல் வைத்து நாடி பார்ப்பார். ஈறை அழுத்திப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். மதியச் சாப்பாட்டை அவர் எடுக்கவில்லை. என் மனைவி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, “நானே கொன்னுபோட்டனாட்ட இருக்குதுங்க,” என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

“கொல்லல. கேட்டதும் மறைக்காமச் சொன்னிய. மறைச்சிருந்தாத்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்,” என்றார் மருத்துவர். பிறகு, “இதுக்கு எத்தன வயசுப் புள்ள சட்ட சேரும்னு பாருங்க,” என்று ஓர் அட்டைப் பெட்டியை அவள் முன் நகர்த்தினார். ஏற்றுமதியில் கழித்த குழந்தைகள் பனியன்கள் அவை. தையலை நக்காமலிருக்க அறுவை முடிந்த நாய்களுக்கு மற்ற ஊர்களில் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்களாம். இவர் பனியன் போட்டுவிடுவார். என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்து நாயின் முதுகில் வைத்து அளந்தாள். அழுகை நின்றுவிட்டது. நாலு வயதுக் குழந்தை அளவு சரியாக இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு, இன்னொரு முறை மோந்து பார்த்து, “இப்ப சரி,” என்றார். மிச்சமிருந்த வயிற்று ரோமத்தை மழித்தார். மருந்து நீரால் துடைத்தார். ஊசிக்குழாயில் மயக்க மருந்து இறங்கியது. செவலையின் தலை என் மனைவியின் கையில் மெல்லக் கனத்தது. எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாய் பிழைத்தது. ரோஜா நிறப் பனியனில், கால்கள் பின்ன, மறுநாள் எங்கள் வாசலில் இறங்கியது. இன்றும் இருக்கிறது, காது சரியாகக் கேட்பதில்லை.

ஆனால் நூல் வியாபாரி வாய் சும்மா இருக்கவில்லை. கோயில் கூட்டத்தில் இருவர் என்னிடம் வந்தார்கள். சிகிச்சையகம் இருந்த கட்டடம் என் பங்காளியுடையது; நான் ஒரு சொல் சொன்னால் அவர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

“கிறிஸ்துவ டாக்டரு நம்ம அம்மன் பிரசாதத்த அசிங்கம்னு சொல்லித் தட்டியுட்டாளாமே, நெசங்களா?”

“அப்படி ஒண்ணும் நடக்கலீங்க.”

“பெரியவருங்க, மழுப்பாமச் சொல்லுங்க. நெசமாலுமே ஒண்ணும் சொல்லலீங்களா?”

நான் மறுபடியும் நடந்ததைச் சொன்னேன். முழுக்க நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும் பங்காளியிடம் யாரும் போகவில்லை. அந்தப் பெண்மணி அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

பிரசாதத்தை அவர் பழித்தார் என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. சென்ற மாதம்கூட ஒரு திருமணப் பந்தியில் என் எதிரிலேயே ஒருவர் சொன்னார். நேரில் இருந்தவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன். அவர் பிரசாதத்தைத் தட்டிவிடவில்லை. அசிங்கம் என்று சொல்லவில்லை. அறுவை முடிந்து, கை கழுவிக்கொண்டு வெளியே வந்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லி, என் மனைவியிடம் தூக்குப்போசியைக் கேட்டு வாங்கினார். மிச்சமிருந்த பொங்கலை நின்றபடியே விரலால் வழித்து உண்டார். “வெல்லம் பத்தலம்மா,” என்றார். அன்று வெல்லம் குறைவாகத்தான் இருந்தது.